பீர் ஒரு பக்கம், அன்னிக்கு நடந்தது ஒரு பக்கம்: கிராஃப்ட் பீர் ருசிக்குறிப்பு இழை

நோட்டுக்காரன்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம், இன்னிக்கு எழுதிடுறேன். கிராஃப்ட் பீர் குடிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு கோடு போட்ட நோட்டுல குறிப்பு எழுதுற பழக்கம் எனக்கு. இடது பக்கம் பீர் பத்தி, வலது பக்கம் அன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு. யாரும் சொல்லிக்குடுக்கல, முதல் நாள் இடது பக்கம் முடிஞ்சும் கை நிக்கல, அப்படியே தொத்திக்கிச்சு. இப்ப நாலாவது நோட்டு ஓடுது.

நேத்து ராத்திரி தூக்கம் வராம பழசைப் புரட்டிட்டு இருந்தப்ப ஓர்வால் ரெண்டு இடத்துல மாட்டுச்சு. பெல்ஜியத்துல ஒரு துறவி மடத்துல காய்ச்சுற பீர், வெளிய விக்கிறதுக்குன்னு அவங்க போடுறது இந்த ஒண்ணே ஒண்ணுதான். முதல் குறிப்பு, பாட்டில்ல அடைச்சு ரெண்டு மாசம் ஆனது: "ஆரஞ்சுத் தோலை நகத்தால கீறுன வாசம், காஞ்ச புல்லு, கசப்பு நல்லா நிக்குது". அதே பெட்டியில இருந்த இன்னொரு பாட்டில், 11 மாசம் கழிச்சுத் திறந்தது: "ஆரஞ்சு போயிடுச்சு. தோல் பெல்ட். வறண்ட வாய். இனிப்பே இல்ல".

வலது பக்கம் பாத்தா, முதல் நாள் என் மக யாரும் பின்னாடி பிடிக்காம சைக்கிள் ஓட்டுன சாயங்காலம். ரெண்டாவது நாள் எனக்கு வேலை போன வாரம்.

பீர் மாறுனதுக்குக் காரணம் இருக்கு, அது தெரியும். பிரெட்டனோமைசஸ்னு ஒரு காட்டு ஈஸ்ட் அதுல இருக்கு, பாட்டிலுக்குள்ள போன பிறகும் அது வேலைய நிறுத்தாது, சாதாரண ஈஸ்ட் தொடாம விட்ட சர்க்கரையக்கூட மெதுவா தின்னுக்கிட்டே இருக்கும், மாசம் ஆக ஆக பீர் வறண்டு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் குடுக்கிற கொடியோட பூ) வாசம் மங்கி தோல், பழைய வைக்கோல் மாதிரி வாசமெல்லாம் மேல வரும். சரி. ஆனா நான் எழுதுன "வறண்ட வாய்" இருக்கே, அதுல பீர் எவ்வளவு, நான் எவ்வளவு? இதான் ராத்திரி முழுக்க ஓடுச்சு.

நீங்களும் எழுதுங்க. கடைசியா நிதானமா உக்காந்து ருசி பாத்த பீர் எது, அன்னிக்கு என்ன நடந்துச்சு. ஒரே ஒரு வேண்டுகோள், வாசனைக்கு லேபிள்ல போட்டிருக்கிற வார்த்தைய எடுத்துப் போடாதீங்க, உங்க மூக்கு என்ன சொல்லுச்சோ அதைப் போடுங்க.

ஹாப்ஸ்கொடி:
அண்ணே, மரியாதையோட மறுத்துப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. வலது பக்கம் உங்களோட டைரி, அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா ரெண்டையும் ஒரே நோட்டுல வெச்சாலே இது அதுக்குள்ள கசிஞ்சிடும். பீர் விமர்சனம்னா கிளாஸ்ல இருக்கிறதை மட்டும் பேசணும்.

நான் பிஜேசிபி, அதாவது பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் குடுக்கிற அமைப்போட மதிப்பெண் தாளை வெச்சுத்தான் எழுதுறேன். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாய்க்குள்ள எப்படி உக்காருதுங்கிறதுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. கவனிச்சுப் பாருங்க, தோற்றத்துக்கு வெறும் மூணுதான், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கண்ணு ஏமாத்தும். போன வருஷம் வரைக்கும் ஒரு குறிப்பிட்ட ப்ரூவரியோட ஐபிஏவுக்கு (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான வகை) எப்பவும் 40க்கு மேல குடுத்துட்டு இருந்தேன். ஒரு நாள் என் வீட்டம்மா கிட்ட சொல்லி, மூணு ஒரே மாதிரி கப்புல ஊத்தச் சொன்னேன், ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற. எது தனின்னு கண்டுபிடிக்கணும். குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுக்கு ஒரு தடவ சரியா வந்துடும், அதனால ஆறு தடவ பண்ணோம். ரெண்டு தடவதான் சரியா சொன்னேன், அதாவது கண்ணை மூடிக்கிட்டு கையக் காட்டுனாலும் அவ்வளவு வந்திருக்கும். லேபிள் தெரியாம மதிப்பெண் போட்டப்ப நான் தலையில தூக்கி வெச்சு ஆடுன ஐபிஏவுக்கு 31.

அன்னிக்கு ராத்திரி சங்கடமா இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்கா மோந்து பாக்கவே ஆரம்பிச்சேன்.

இரவுப்பணி:
கொடி சொல்றது எனக்குப் புரியுது. ஆனா 50ல பிடிக்க முடியாதது ஒண்ணு சொல்றேன்.

நான் நர்ஸ். மாசத்துல பாதி நாள் ராத்திரி வேலை. மறுநாள் லீவுன்னு உறுதியா தெரிஞ்சாத்தான் பாட்டிலத் திறப்பேன், அதுவும் ஒண்ணே ஒண்ணு, அதுவும் வீட்டுல. ஒரு இம்பீரியல் ஸ்டவுட்டை, கருப்பா கனமா இருக்குமே அந்த வகை, பத்து மாசமா எடுத்து வெச்சிருந்தேன், ஆல்கஹால் 11 சதவீதம். ஃப்ரிட்ஜ்லேருந்து நேரா எடுத்து ஊத்தினேன். முதல் வாய், கரி, கசப்பு, அவ்வளவுதான். ஏமாற்றமா இருந்துச்சு. ரெண்டாவது வாய் எடுக்கல, சின்னவன் உள்ளேருந்து கூப்பிட்டான், தொட்டுப் பாத்தா நெருப்பா கொதிக்குது. ஜுரம் பாத்து, மருந்து குடுத்து, துணி நனைச்சு நெத்தியில போட்டு, அவன் மூச்சு சீராகி அசந்து தூங்குற வரைக்கும் பக்கத்துலயே படுத்திருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும்.

திரும்பி வந்தப்ப நுரை எல்லாம் அடங்கிடுச்சு. கொட்டிடலாம்னு எடுத்தவ சும்மா மோந்து பாத்தேன். அது வேற பீர். உலர் திராட்சை, காபி, மர அலமாரி, ஊதி அணைச்ச மெழுகுவர்த்தியோட திரி. நின்ன இடத்துலயே நின்னு ஒரு பத்து நிமிஷம் மோந்துட்டு இருந்தேன், குடிக்கக்கூட இல்ல. வீடு முழுக்க அமைதி, பையன் தூங்குற சத்தம் மட்டும்.

அது 4 டிகிரியில ஒரு பீர், 13 டிகிரியில ஒரு பீர். ஜுரம் வராம இருந்தா இதை நான் தெரிஞ்சுக்கிட்டே இருக்க மாட்டேன். இப்ப சொல்லுங்க, ஜுரம் எந்தப் பக்கத்துல வரணும்?

நோட்டுக்காரன்:
நீங்க சொன்ன கதை அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சுங்க. பையன் நல்லா இருக்கானா?

புதுசா வர்றவங்களுக்காக இதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லிடுறேன். வாசனைங்கிறது பீர்லேருந்து ஆவியாகி மூக்குக்கு வர்ற பொருள், குளிர்ல அது மேல கிளம்பாது, நாக்கும் மரத்துப் போகும், கார்பனேஷனோட சுரீர்தான் முன்னாடி நிக்கும். லேகருக்கு, அதாவது குளிர்ல நொதிக்க விடுற வகைக்கு, 4லேருந்து 7 டிகிரி சரி. பேல் ஏல், ஐபிஏ 8லேருந்து 12. பெரிய ஸ்டவுட், பார்லி வைன்னு சொல்ற கனமான பீருக்கெல்லாம் 12, 13ன்னு விடலாம். கிளாஸ்ல பாதி மட்டும் ஊத்தி, உள்ளங்கையால கிளாஸ் வாயை மூடி, மெதுவா சுத்திட்டு, கையை எடுத்த உடனே மோந்து பாருங்க. குடிச்சு முழுங்குன பிறகு வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சை விடுங்க. பாதி ருசி அந்த மூச்சுலதான் இருக்கு.

இரவுப்பணி:
அது நடந்து வருஷம் ஆச்சுங்க, இப்ப வீட்டைத் தலைகீழா மாத்திட்டு இருக்கான்.

இன்னொண்ணு, இந்த இழையில எல்லாரும் லேகரைத் தாண்டிப் போயிடுவீங்கன்னு தெரியும், அதனால இப்பவே சொல்லி வெச்சுடுறேன். 1842ல யோசப் க்ரோல்னு ஒரு பவேரியக்காரர் பில்சன் ஊர்ல (இப்ப செக் நாடு) காய்ச்சுன பொன்னிற லேகர், பில்ஸ்னர்தான் இன்னிக்கு உலகம் முழுக்க குடிக்கிற பொன்னிற லேகருக்கெல்லாம் தாய். வெளுத்த மால்ட் (முளைகட்டிக் காயவெச்ச பார்லி), சாஸ்னு ஒரு செக் ஹாப்ஸ் ரகம், உப்பு அதிகம் இல்லாத மென்மையான தண்ணி, குளிர்ல வேலை செய்ற ஈஸ்ட். நாலே பொருள்தான், ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. ஐபிஏவுல ஏதாவது தப்பு நடந்தா ஹாப்ஸ் மூடிடும், பில்ஸ்னர்ல லேசா வெண்ணெய் வாசம் வந்தாலும், வெந்த சோளம் மாதிரி வந்தாலும் அப்படியே தெரியும். வெண்ணெய்னா டயசெட்டில், ஈஸ்ட் அதைத் திரும்ப எடுத்துக்கிறதுக்குக் கொஞ்ச நாள் கூட விட்டிருக்கணும், அவசரப்பட்டிருக்காங்கன்னு அர்த்தம். நல்ல பில்ஸ்னர் ஒண்ணைக் காய்ச்சுனவங்க மேல எனக்குத் தனி மரியாதை.

புளிப்புப்பக்கம்:
நான் எழுதுறது பெரும்பாலும் புளிப்பு பீர்தான், பேரைப் பாத்தாலே தெரியும். என் கதை கொஞ்சம் நீளம்.

கூஸ்னு ஒரு வகை இருக்கு. ப்ரஸ்ஸல்ஸும் அதைச் சுத்தியும்தான். காய்ச்சுன வோர்ட்டை (மால்ட்லேருந்து எடுத்த இனிப்புத் தண்ணி, இன்னும் நொதிக்காதது) அகலமான ஆழமில்லாத தொட்டியில ராத்திரி முழுக்க திறந்து வெச்சு ஆற விடுவாங்க, குளிர் மாசங்கள்ல மட்டும்தான் காய்ச்சுவாங்க, காத்துல, மரத்துல, பீப்பாயில இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா வந்து உக்காரும், யாரும் ஈஸ்ட் போடுறதில்ல. அது லாம்பிக். அப்புறம் வருஷக்கணக்குல மரப் பீப்பாயில கிடக்கும். ஒரு வருஷத்தது, ரெண்டு வருஷத்தது, மூணு வருஷத்தது மூணையும் கலந்து பாட்டில்ல அடைச்சு மறுபடி நொதிக்க விட்டா கூஸ். இளசுல மிச்சம் இருக்கிற சர்க்கரைதான் பாட்டிலுக்குள்ள நுரையக் குடுக்குது.

முதல் தடவ ஒருத்தர் ஊத்திக் குடுத்தப்ப ஒரு வாய் குடிச்சுட்டு கெட்டுப் போச்சுன்னு சொல்லி வெச்சுட்டேன். எலுமிச்சை மாதிரி புளிப்பு, அது பரவால்ல, ஆனா பின்னாடி வந்த அந்த வாசம், பூட்டி வெச்ச அறை மாதிரி, ஈரம் காயாத மரம் மாதிரி. குறிப்புல "நாத்தம்"னு ஒரே வார்த்தை எழுதினேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டை ஒதுக்கும்போது அவங்க கல்யாணத்துக்கு வந்த மரப்பெட்டியத் திறந்தேன். கீல் கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. உள்ள பழைய துணி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, என்னோட மூணாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு. அந்தப் பெட்டிக்குள்ளேருந்து வந்த வாசம், அந்த வாசம் எனக்கு ஏற்கெனவே தெரியும்னு தோணிச்சு, எங்கன்னு புடிபடல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, நான் நாத்தம்னு எழுதி வெச்ச கூஸ்.

அதுக்கப்புறம் தேடிப் போய் அதே பாட்டிலை வாங்கிக் குடிச்சேன். புளிப்பு மாறல, வாசம் மாறல. இப்ப என் குறிப்புல "அம்மா பெட்டி"ன்னு இருக்கும். எந்த லாம்பிக்ல அது வருது, எதுல வரலன்னு எனக்கு உடனே தெரியும், பீர் வாசனைப் பேரையெல்லாம் வட்டமா போட்டிருக்கிற எந்தச் சக்கரப் படத்தைப் பாத்தும் அந்த வாசத்தை நான் கத்துக்கிட்டிருக்க முடியாது.

ஹாப்ஸ்கொடி:
படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. அம்மாவுக்கு அஞ்சலி, நண்பரே.

ஆனாலும் என் கேள்விய விடல, மன்னிச்சுக்கோங்க. "அம்மா பெட்டி"ன்னு நீங்க எழுதுனா உங்களுக்குத் துல்லியம். படிக்கிற எனக்கு? விமர்சனம் எழுதுறது அடுத்தவனுக்குத் தானே.

எனக்கு ஹாப்ஸ் தான் உயிர், அதுலேருந்து ஒரு உதாரணம் சொல்றேன். கேஸ்கேட்னு ஒரு ஹாப்ஸ் ரகம் 1972ல வெளிய வந்துச்சு, அமெரிக்காவுல. 1975ல ஆங்கர் ப்ரூவரி லிபர்ட்டி ஏல்ல அதைப் போட்டாங்க, 1980ல சியரா நெவாடா அவங்க பேல் ஏல்ல போட்டாங்க. இன்னிக்கு ஐபிஏன்னு நாம குடிக்கிற முக்கால்வாசி அந்தப் பாதையில வந்தது. கேஸ்கேட் வாசத்துக்கு எல்லாரும் சொல்றது கிரேப்ஃப்ரூட் (நம்ம பம்ப்ளிமாஸுக்கு நெருங்குன பழம்) தோல். நான் முதல் நாள் எழுதும்போது கிரேப்ஃப்ரூட்டை மோந்ததே இல்ல! வேற யாரோ எழுதுன வார்த்தைய எடுத்து என் நோட்டுல போட்டுட்டு இருந்தேன், அது எவ்வளவு தப்புன்னு இப்ப நோட்டுக்காரர் சொன்னப்பதான் உறைக்குது. ஆனா அதுக்கு வழி கிரேப்ஃப்ரூட்டைத் தேடிப் போய் மோந்து பாக்குறது. அதைத்தான் பண்ணேன். உரிச்சு, வெள்ளைத் தோலைக் கடிச்சு, அந்தக் கசப்பை நாக்குல வெச்சுக்கிட்டே பேல் ஏலைக் குடிச்சேன். ஆமா, அதேதான்.

பொது வார்த்தையும் வேணும், அதை மூக்கால சம்பாதிக்கவும் வேணும். இவ்வளவு தூரம் நான் இறங்கி வர்றேன்.

புளிப்புப்பக்கம்:
ரெண்டையும் எழுதுறேனே. "ஈர மரம், பூட்டுன அறை" உங்களுக்கு. "அம்மா பெட்டி" எனக்கு.

முதல்_கிளாஸ்:
எல்லாருக்கும் வணக்கம், நான் புதுசு. ரொம்ப அடிப்படையான கேள்வி, தப்பா நினைக்காதீங்க. வெளிய குடிக்கும்போது நுரை கிளாஸ் ஓரமா வளையம் வளையமா நிக்குது. வீட்டுல அதே பீரை ஊத்துனா ஒரு நிமிஷத்துல காணாமப் போயிடுது. கிளாஸ் சுவத்துல உள்பக்கம் குமிழா ஒட்டிக்கிட்டு இருக்கு. பீர்ல கோளாறா? நாலு மாசமா இதே கதை. எங்க வீட்டுல நாலு மாசக் குழந்தை, அதனால வெளிய போறதே இல்ல, வாரத்துல ஒண்ணு வீட்டுலதான்.

இரவுப்பணி:
தம்பி, நாலு மாசமா நுரை நிக்கல, குழந்தைக்கு நாலு மாசம். பால் பாட்டில் கழுவுற ஸ்பாஞ்சுலயே பீர் கிளாஸையும் கழுவுறீங்களா?

முதல்_கிளாஸ்:
அக்கா!! ஆமா. ஒரே ஸ்பாஞ்சுதான். ராத்திரி மூணு மணிக்கு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத் தேய்ச்சுடுவேன்.

இரவுப்பணி:
அதான். பாலோட கொழுப்பு கண்ணுக்குத் தெரியாம கிளாஸ் உள்பக்கம் படலமா உக்காந்துடும். நுரையத் தாங்கிப் பிடிக்கிறது பார்லியோட புரதமும் ஹாப்ஸோட கசப்புப் பொருளும் சேர்ந்து பின்னுற வலை, அதுல எண்ணெய் பட்டா பொத்துன்னு அறுந்துடும். உதட்டுல தடவுற பாம் பட்டாக்கூட அந்த இடத்துல மட்டும் நுரை கரையும், பாருங்க. சோப்பை சரியா அலசலைன்னாலும் இதே கதிதான். சுவத்துல குமிழ் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அது அழுக்குக் கிளாஸுக்கு அடையாளம்.

பீர் கிளாஸுக்குன்னு தனி ஸ்பாஞ்சு வெச்சுக்கோங்க. கழுவிட்டு கிளாஸை உள்ள ஈரமாக்கி தூள் உப்பைத் தூவிப் பாருங்க, சுத்தமா இருந்தா எல்லா இடத்துலயும் சமமா ஒட்டும், எண்ணெய் இருக்கிற இடத்துல மட்டும் ஒட்டாம வழுக்கிடும். துணியால துடைக்காதீங்க, கவுத்து வெச்சுக் காய விடுங்க. குழந்தை ராத்திரி தூங்குதா?

முதல்_கிளாஸ்:
ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ முழிப்பு அக்கா. நன்றி, இன்னிக்கே ஸ்பாஞ்சு வாங்குறேன்.

இன்னொண்ணும் கேட்டுடுறேன். போன ஞாயித்துக்கிழம பச்சை பாட்டில் லேகர் ஒண்ணு, பால்கனியில வெயில்ல வெச்சுட்டு போன்ல பேசிட்டு இருந்தேன், என் அண்ணன், நாங்க ஒரு வருஷமா பேசாம இருந்தோம், அன்னிக்குத்தான் கூப்பிட்டான். அரை மணி நேரம் ஓடிப்போச்சு. திரும்பி வந்து குடிச்சா என்னமோ எரிஞ்ச ரப்பர் மாதிரி, கொமட்டிக்கிட்டு வந்துச்சு. முதல் வாய் நல்லாத்தான் இருந்துச்சு.

ஹாப்ஸ்கொடி:
இது என் ஏரியா. வெயில் பட்ட பீர். ஹாப்ஸோட கசப்புப் பொருள் மேல வெளிச்சம் படும்போது, பீர்ல இருக்கிற ரைபோஃப்ளேவின் அந்த வெளிச்சத்தை வாங்கிக் குடுத்து, கசப்புப் பொருள் உடைஞ்சு, கந்தகம் சேர்ந்து தயால்னு ஒரு நாத்தப் பொருள் உண்டாகும். ஒரு லட்சம் கோடியில சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சுடும், அவ்வளவு வீரியம். நல்ல வெயில்ல சில நிமிஷமே போதும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துடும், பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. கேன் தான் நிம்மதி.

ஆங்கிலத்துல எழுதுறவங்க இதுக்கு ஸ்கங்க்னு ஒரு பிராணியோட பேரைச் சொல்லுவாங்க. நம்மள்ல எத்தனை பேர் அந்தப் பிராணியை மோந்திருக்கோம்? "எரிஞ்ச ரப்பர்"னு நீங்க எழுதுனதே பளிச்சுன்னு இருக்கு. குறிப்புல அப்படியே போடுங்க.

நோட்டுக்காரன்:
வலது பக்கத்துல "அண்ணன் கூப்பிட்டான்"னு போடுங்க தம்பி. பாட்டில் கெட்டது நல்ல காரணத்துக்குத்தான்.

கிராம்பு_எண்ணெய்:
ரொம்ப நாளா சத்தம் போடாம படிச்சுட்டு இருந்தேன், இன்னிக்கு எழுதியே ஆகணும்.

2021ல கோவிட் வந்து எனக்கு மூக்கு போச்சு. ஜுரம் ஒரு வாரத்துல போயிடுச்சு, வாசனை மட்டும் திரும்பல. அப்ப எழுதுன குறிப்பெல்லாம் இன்னும் வெச்சிருக்கேன். ஒரு ஐபிஏவுக்கு: "கசப்பு. குளிர். நுரை." ஒரு ஸ்டவுட்டுக்கு: "கசப்பு. கனம்." அவ்வளவுதான். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி இவ்வளவுதான் தெரியும், மிச்சம் எல்லாம் மூக்கு குடுக்குறதுன்னு படிச்சிருந்தேன், அது எவ்வளவு பெரிய மிச்சம்னு அப்பதான் தெரிஞ்சுது. பீர் மட்டும் இல்ல, என் பொண்டாட்டி தலைமுடி வாசம் தெரியல, கேஸ் கசிஞ்சாக்கூட தெரியாதுன்னு அடுப்படிப் பக்கம் போகவே பயம்.

டாக்டர் வாசனைப் பயிற்சி பண்ணச் சொன்னார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, நாலு எண்ணெய். தினம் காலையில ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ, ஒவ்வொண்ணையும் இருபது செகண்ட் மோந்து அது எப்படி இருக்கும்னு நினைவுல கொண்டு வரப் பாக்கணும். நான் மோந்துட்டு சும்மா உக்காந்திருப்பேன், வெறும் காத்து. ஒரு மாசம், ரெண்டு மாசம். விட்டுடலாம்னு பல நாள் தோணிச்சு, பொண்டாட்டிதான் குப்பியத் திறந்து மூக்குக்கிட்ட வெச்சுட்டு நிப்பா.

அஞ்சாவது மாசம், ஒரு சனிக்கிழமை, நண்பன் ஒருத்தன் ஜெர்மன் கோதுமை பீர் ஊத்துனான், ஹெஃபெவைசன். நான் பழக்கத்துல மோந்தேன். ஒரு நொடி, கிராம்பு. அப்படியே போயிடுச்சு. மறுபடி மோந்தேன், இல்ல. கிளாஸை மூடி சுத்தி மறுபடி மோந்தேன், கிராம்பு! கண்ணுல தண்ணி வந்துடுச்சு, நண்பன் பயந்துட்டான்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். கோதுமை பீருக்குன்னு இருக்கிற ஈஸ்ட், மால்ட்ல இருக்கிற ஃபெருலிக் அமிலத்தை 4-வினைல் குவையகால்னு ஒரு பொருளா மாத்துது, அதுதான் கிராம்பு வாசம். காய்ச்சும்போது மாவுக்கலவைய 45 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சா அது கூடுதலா வரும். வாழைப்பழ வாசம் வேற பொருள், ஐசோஅமைல் அசிடேட், அதையும் அதே ஈஸ்ட்தான் குடுக்குது. எனக்கு வாழைப்பழம் வந்து சேர இன்னும் மூணு மாசம் ஆச்சு. தினம் ரெண்டு வேளை மோந்த அதே கிராம்புதான் முதல்ல கதவைத் தட்டுச்சு.

50க்கு எவ்வளவுன்னு கேட்டா அந்த கிளாஸுக்கு என்னால சொல்ல முடியாது, கொடி. கேக்காதீங்க.

ஹாப்ஸ்கொடி:
கேக்க மாட்டேன்.

பாதிபுள்ளி:
நான் இங்க எழுதலாமான்னு தெரியல. எனக்கு லிவர்ல பிரச்சனை, டாக்டர் ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னுட்டார். மூணு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல இந்த மாதிரி பக்கமே வர மாட்டேன், படிச்சாலே மனசு கஷ்டப்படும். அப்புறம் ஆல்கஹால் இல்லாத பீர் பத்தி டாக்டர் கிட்டயே கேட்டேன். அதுல 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், அதனால எனக்கு 0.0ன்னு போட்டது மட்டும், அதுவும் அவர் சரின்னு சொன்ன பிறகு. என்னை மாதிரி இருக்கிறவங்க கேக்காம ஆரம்பிக்காதீங்க.

இதுல பெரிய குறை ஒண்ணு இருக்கு. ஈஸ்ட்டை வேலை செய்ய விடாம பாதியில நிறுத்துற வகையில வேகவெச்ச தானியத் தண்ணியோட இனிப்பு அப்படியே நின்னுடும், மூணாவது வாய்ல திகட்டிடும். முழுசா நொதிக்க விட்டு, அப்புறம் அழுத்தத்தைக் குறைச்சு லேசான சூட்டுல ஆல்கஹாலை மட்டும் பிரிச்சு எடுக்கிற வகை பரவால்ல, ஆனா கூடவே வாசமும் கொஞ்சம் போயிடும். அதனாலதான் ஹாப்ஸ் தூக்கலா போட்டதைத் தேடிப் புடிப்பேன். இதையெல்லாம் எழுதுறேன், 27 பீர் ஆச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு கிளாஸை எடுத்து வெச்சு, ஊத்தி, மோந்து, எழுதுற அந்த அரை மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கு.

நோட்டுக்காரன்:
எழுதலாமான்னு கேக்கவே கூடாது. 27ஐயும் போடுங்க, ஒண்ணு ஒண்ணா. இங்க அதைப் பத்தி உருப்படியா எழுதுனவங்க யாருமே இல்ல.

ஹாப்ஸ்கொடி:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன். சொன்ன சொல்லுக்காக ரெண்டு பக்கமும் எழுதிப் பாத்தேன்.

இடது பக்கம். ஜெர்மனியில பாம்பெர்க் ஊரு ரௌக்பியர், அதாவது புகை பீர், ஷ்லெங்கெர்லாங்கிற பேர்ல வர்றது. பீச் மர நெருப்புல மால்ட்டைக் காயவைக்கிறதால புகை வாசம். ஒரு காலத்துல நிறைய ஊர்ல பீர் இப்படித்தான் இருந்திருக்கணும், விறகுப் புகை படாம சூடு மட்டும் குடுக்குற சூளை வந்த பிறகுதான் புகை போச்சு. வாசனை 10/12. ருசி 16/20. முதல் வாய்ல புகை மட்டும், மூணாவது வாய்க்கு மேல மூக்கு பழகி, அடியில ரொட்டி மேல்தோல் மாதிரி மால்ட் தெரியுது.

வலது பக்கம். அப்பா வந்திருந்தார். அவர் குடிக்க மாட்டார், வாழ்க்கையில தொட்டதில்ல, நான் குடிக்கிறதும் பிடிக்காது, அதனால அவர் வந்தா நான் பாட்டிலை எடுக்கிறதே இல்ல. அன்னிக்கு அவர் சீக்கிரம் தூங்கிட்டார்னு நினைச்சு ஊத்திட்டேன். பின்னாடி வந்து நின்னார். "என்னடா இது எஞ்சின் வாசம்?"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர் ரயில்வேல ஃபயர்மேனா வேலைக்குச் சேர்ந்தவர், நீராவி எஞ்சின்ல கரி அள்ளிப் போட்டவர். கிளாஸைக் கையில வாங்கி மூக்குக்குக் கிட்ட வெச்சு கண்ணை மூடுனார். குடிக்கல. அப்படியே உக்காந்து பேச ஆரம்பிச்சார், ராத்திரி ஷிஃப்ட், கரி அள்ளுற ஷவலைத் திருப்பிப் பிடிச்சு நெருப்புக்கு மேல விரிச்சுப் போடுறது எப்படி, மழையில கரி நனைஞ்சா புகை எந்த நிறத்துல வரும், எல்லாம். பீர் சூடாகிப் போச்சு, நான் குடிக்கவே இல்ல. என்னோட முப்பத்தெட்டு வயசுல எங்கப்பா வேலை பத்தி அன்னிக்குத்தான் முழுசா கேட்டேன்.

மதிப்பெண் 42. லேபிள் தெரியாம மறுபடி குடிச்சும் பாத்துட்டேன், 41 வந்துச்சு.

புளிப்புப்பக்கம்:
மழையில கரி நனைஞ்சா என்ன நிறத்துல புகை வரும்னு சொன்னார்?

ஹாப்ஸ்கொடி:
முதல்ல வெள்ளை, அப்புறம் அழுக்கு மஞ்சள்னு சொன்னார். அதையும் எழுதி வெச்சிருக்கேன்.

நோட்டுக்காரன்:
மூணாவது ஓர்வாலை நேத்து திறந்தேன். அந்தப் பெட்டியில கடைசி பாட்டில், அடைச்சு 19 மாசம். புது வேலை கிடைச்சு ரெண்டு மாசம் ஆகுது, மனசு சமநிலையில இருக்கு, இப்ப பாத்தா நியாயமா இருக்கும்னு தோணிச்சு.

ஆரஞ்சு சுத்தமா இல்ல. தோல் வாசம் இன்னும் கூடியிருக்கு, கூடவே லேசா காஞ்ச பூ. வறட்சி போன தடவைய விட அதிகம், ஆனா இந்தத் தடவ நல்லா இருந்துச்சு, வாயை இறுக்கல, சுத்தமா முடியுது. அப்ப அந்த வறட்சி பீர்லதான் இருந்திருக்கு. அது கஷ்டமா இருந்தது மட்டும் என்னோடது.

குடிச்சு முடிச்சு நோட்டை எடுக்க உள்ள போனேன். மக சாப்பாட்டு மேசையை ஒதுக்கிட்டு இருந்தா, என் காலி கிளாஸையும் எடுத்து ஸிங்குல போடப் போனவ நின்னு மோந்து பாத்துட்டு, "அப்பா, இது வெயில்ல நிறுத்துன என் சைக்கிள் சீட் மாதிரியே இருக்கு"ன்னா. நான் அவ கிட்ட எதுவுமே சொன்னதில்ல, அந்த முதல் நோட்டையும் அவ பாத்ததில்ல. கிளாஸை வாங்கி மறுபடி மோந்தேன். ஆமா. சூடான தோல், கொஞ்சம் தூசி, கொஞ்சம் இரும்பு.

இடது பக்கத்துலதான் எழுதினேன்.

முதல்_கிளாஸ்:
தனி ஸ்பாஞ்சு வாங்கி, உப்பு போட்டும் பாத்துட்டேன் அக்கா, சமமா ஒட்டுச்சு. நுரை கடைசி வாய் வரைக்கும் இருந்துச்சு, கிளாஸ்ல ஏழு வளையம் எண்ணினேன். என் முதல் குறிப்பு, தப்பிருந்தா திருத்துங்க:

பில்ஸ்னர், பழுப்பு பாட்டில். புது நோட்டுப்புத்தகம், நறுக்குன புல்லு, மேல் உதட்டுல நுரை. கசப்பு முழுங்குன பிறகு வந்துச்சு, கொஞ்ச நேரம் போகல. பாப்பா மூணு மணி நேரம் தொடர்ந்து தூங்குச்சு.